சோமு (12), செவ்வாய்க் கிரகம்

3 பிப்ரவரி 2024, சனி

வலது கண்ணில் புரை நீக்கி இன்றோடு ஆறாம் நாள். சொட்டு மருந்து தினம் நான்கு வேளை. ஒரு மாதத்துக்குக் கண்ணைச் சிரமப்படுத்திப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நாற்பத்தோரு வருடம் நிருபராக இருந்தவனிடம் சொல்கிற பேச்சா இது என்று பிலோமினா அவர் எதிரிலேயே சிரித்தாள். மனைவி சிரித்தால் டாக்டர்களும் சிரித்துவிடுகிறார்கள்.

உர ஆலை நகரியத்து மனமகிழ் மன்றத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஆண்டுக் குறுநாடகப் போட்டிக்கு நடுவராக வர வேண்டுமாம். அந்த மன்றத்துக்குள் நான் கால் வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று பிலோமினா கேட்டாள். காது இரண்டும் நன்றாக இருக்கிறது, நாடகத்துக்கு அது போதும் என்றேன்.

மோட்டார் ஓடவில்லை. கண்டென்சர் போயிருக்கும்.

5 பிப்ரவரி, திங்கள்

மன்றத்து ஆள் ஐந்து நாடகப் பிரதிகளையும் விதிமுறைத் தாளையும் கொண்டுவந்து கொடுத்தார். விதிகள் பன்னிரண்டு. நான்காம் விதி: நாடகத்தில் ஆறு பாத்திரங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. ஏன் ஆறு என்று அவரிடம் கேட்டேன். ஒரு வருடம் ஒரு குழு கல்யாணக் காட்சிக்கென்று முப்பத்தெட்டுப் பேரை மேடையேற்றியதாம். அத்தனை பேரும் மன்றத்து டிபனைச் சாப்பிட்டதில் நடுவர்களுக்கு வடை கிடைக்கவில்லையாம்.

ஒன்பதாம் விதி: மறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பது சபைக்குக் கேட்டால் ஐந்து மதிப்பெண் குறைக்கப்படும். இந்த விதி எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

8 பிப்ரவரி, வியாழன்

பிலோமினா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே மூன்றாவது நாடகத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். விஞ்ஞான நாடகம். ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்யும் தமயந்தி என்ற பெண் எழுதியது. செவ்வாய்க் கிரகத்தில் ஒரு தண்ணீர் நிலையம். அங்கே ஆறு மனிதர்கள், அவர்களோடு ஓர் அறிவுள்ள இயந்திரம். இயந்திரத்துக்கு சோமு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாத்திரை, வால்வு, பிறந்தநாள் என எல்லாருக்கும் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்துவது அதன் வேலை. வயதான கேப்டனுக்கு மறதி நோய் தொடங்குகிறது. தெரிந்தால் பதவி போய்விடும். அவர் சொல்ல வேண்டியதை சோமு அவர் காதோரக் கருவியில் எடுத்துக் கொடுக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

ஓர் இடத்தில் கேப்டன், "சோமு இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது, அவனுக்குப் பதினொரு வயது" என்கிறார். சோமு, "பன்னிரண்டு கேப்டன். சோதனைக்கூடத்தில் இருந்த ஒரு வருடத்தைப் பதிவேட்டில் சேர்க்கவில்லை" என்று சொல்கிறது. நல்ல வரி.

கடைசியில் பூமியிலிருந்து விசாரணை. அவசரக் குறியீட்டைச் சொன்னது கேப்டனா, இயந்திரமா? பொய் சொன்னது தெரிந்தால் சோமுவின் நினைவு முழுவதையும் அழித்துவிடுவார்கள். "கேப்டன் சொன்னார். நான் கேட்டு எழுதிக்கொண்டேன்" என்கிறது சோமு. உண்மையில் அவர் சொல்லவில்லை.

பிலோமினா கீரையை வைத்துவிட்டு, "பாவங்க, சோமு" என்றாள்.

பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஆறு நடிகர்களின் பெயர்கள். அவற்றுக்குக் கீழே தனியாக ஒரு கோடு, அதன் கீழே: "குரல்: எஸ். குஞ்சிதபாதம்."

"அவரா?" என்றாள்.

வேறு யாராவது இருக்கும் என்றேன்.

"ஆமாமா. உர ஆலைல தெருவுக்கு நாலு குஞ்சிதபாதம்."

கீரை நன்றாக இருந்தது.

11 பிப்ரவரி, ஞாயிறு

நடுவர் கூட்டம், மன்ற நூலகத்தில். என்னோடு இரண்டு பேர். மங்கையர்க்கரசி அம்மாள், தமிழ்ப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாபர் சாதிக், ஆலையின் மின்பொறியாளர், நாற்பத்தைந்து வயது.

வந்ததும் ஒரு புகார்க் கடிதம். கொதிகலன் பிரிவுக் குழு எழுதியது: 'மேற்படி நாடகத்தில் ஆறு மனிதர்களோடு ஓர் இயந்திரமும் பேசுகிறது, பதில் சொல்கிறது, ஓரிடத்தில் பாடவும் செய்கிறது. ஆகப் பாத்திரங்கள் ஏழு. நான்காம் விதிப்படி நாடகத்தை நீக்க வேண்டுகிறோம்.'

சாதிக் கடிதத்தைப் படித்த வேகத்தில், "சரியாத்தான் எழுதிருக்கானுங்க! இயந்திரம் பாத்திரம் இல்லாம என்ன சார்? சின்ன வயசுல நான் படிச்ச விஞ்ஞானக் கதை எல்லாத்துலயும் எனக்கு மனசுல நின்னதே அதுங்கதான். மனுஷங்க பேரெல்லாம் மறந்தே போச்சு" என்றார்.

"அப்ப நாடகத்தை நீக்கிடலாம்ங்கறீங்களா?" என்று அம்மாள் கேட்டார்.

சாதிக்கின் முகம் மாறியது. இருந்ததிலேயே அவருக்குப் பிடித்த நாடகம் அதுதான். "இல்ல மேடம்... ஒரு வகைல பார்த்தா அது ஃபேன் மாதிரி, லைட் மாதிரி. மேடைப் பொருள்."

"ஃபேனுக்காக நான் கண்ணீர் விட்டதில்ல தம்பி" என்றார் அம்மாள். தமிழில் கிளியையும் மேகத்தையும் தூது விடுகிறோம். அவை பதில் பேசுவதில்லை, அதனால் அவை பாத்திரம் ஆவதில்லை. பேசுகிறவரின் துக்கத்துக்கு அவை ஒரு சாக்கு மட்டும்தான் என்று விளக்கினார். "ஒருத்தருக்கு ஏதோ ஒண்ணு வேணும், அது கிடைக்காமப் போக வழி இருக்கணும். அப்பத்தான் பாத்திரம்."

முடிவு எட்டவில்லை. எழுதுவது என் தொழில் என்பதால் தீர்ப்பை நான் எழுதி வர வேண்டுமாம். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்: குரல் கொடுப்பவரை எனக்குத் தெரியும்.

"நட்பா, பகையா?" என்றார் அம்மாள்.

"இரண்டும் இல்லை. பேச்சில்லை."

"அது நட்புக்குத்தான் பக்கம்" என்று சொல்லி, என்னையே எழுதச் சொல்லிவிட்டார்.

14 பிப்ரவரி, திருநீற்றுப் புதன்

காலைப் பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். பிலோமினா, "இந்தத் தவக்காலத்துக்கு நான் கறியை விட்டாச்சு. நீங்க வீம்பை விடுங்க" என்றாள். நான் தலையை அண்ணாந்து கண்ணைக் காட்டினேன். சொட்டு மருந்தைக் கன்னத்தில் விட்டாள்.

விஷயத்தை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். குஞ்சிதபாதம் உர ஆலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். நான் செய்தி சேகரித்த வட்டம் அந்த ஆலை. பதினான்கு வருடம் வாரத்தில் மூன்று நாளாவது சேர்ந்து டீ குடித்திருக்கிறோம். நகரியத்து நாடகங்களுக்கெல்லாம் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். 1996 அக்டோபரில் ஒரு நாடகத்துக்கு விமர்சனம் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம்: "இந்த நாடகத்தில் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது, மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவரின் குரல் ஒன்றே."

அந்த வாக்கியம் நகரியத்தில் பெரிய வெற்றி பெற்றது. பொடியன்கள் அவனை லவுட்ஸ்பீக்கர் என்று கூப்பிட்டார்கள். மன்றத்தில் ஒன்பதாம் விதியைச் சேர்த்தார்கள். அவன் பக்கத்திரைக்குப் பின்னால் நிற்பதை நிறுத்தினான். டீக்கடைக்கு வருவதையும் நிறுத்தினான்.

நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசி வரிசையில் நானே உட்கார்ந்து கேட்டேன்.

16 பிப்ரவரி, வெள்ளி

மோட்டார் சரியாகிவிட்டது. தண்ணீர் தொட்டியில் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தமயந்தி வந்தாள். முப்பத்து நான்கு வயது. ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"சார், சோமு பாத்திரம் இல்லைன்னு எழுதிடுங்க. எங்களுக்கு அது போதும். நாலு மாச உழைப்பு சார்."

நடுவரைத் தனியாகப் பார்க்க வருவது முறையில்லை என்று சொன்னேன். எழுந்துவிட்டாள். பிலோமினா டம்ளரைக் கையில் கொடுத்து, "காப்பி குடிக்கிறது முறைதான், உக்காரு" என்றாள்.

குஞ்சிதபாதத்தை எங்கே பிடித்தாள் என்று பிலோமினாதான் கேட்டாள். நகரியத்து ஹோமியோபதி கிளினிக்கில் அவர்தான் டோக்கன் கூப்பிடுகிறாராம். "பதினேழாம் நம்பர்னு கூப்பிடுவார் ஆன்ட்டி. யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. கோபமே இல்லாம அதே குரல்ல மறுபடி, பதினேழாம் நம்பர். மூணாவது தடவையும் அதே குரல். சோமு இப்படித்தான் பேசுவான்னு அப்பவே தோணிச்சு. ரெண்டு மாசம் கெஞ்சினேன். நான் பேசினா சத்தமா இருக்கும், வேணாம்மான்னு சொல்லிட்டே இருந்தார்."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காலத்து ஹீரோ ஒருத்தருக்குக் கம்ப்ரசர் பக்கத்துலயே வேலை பார்த்து ஒரு காது போயிருச்சாம். அவருக்குக் கேக்கணும்னு சத்தமா எடுத்துக் கொடுத்தாராம். ஹீரோவுக்குக் காது கேக்காதுன்னு வெளிய சொல்லாம இவரே பழியை வாங்கிக்கிட்டாராம். இதை அவர் சொல்லல சார், அந்த ஹீரோ வீட்டம்மா சொன்னாங்க."

பன்னிரண்டு வயது என்ற வரியை எழுதியது யார் என்று கேட்டேன்.

"அது பாதம் சார் ரிகர்சல்ல சொன்னது. நல்லா இருந்துச்சு, வச்சுக்கிட்டேன்."

வாசலில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சொன்னாள்: "அவரே சொல்லிட்டார் சார். எம்பேரை எங்கயும் போட வேணாம், பிராம்ப்டர்னே இருக்கட்டும், குழு தப்பிச்சாப் போதும்னு."

17 பிப்ரவரி, சனி

அந்தக் காது விஷயம் எனக்கு அப்போதே, விமர்சனம் வந்த அடுத்த வாரமே தெரியும்.

18 பிப்ரவரி, ஞாயிறு

சோமு மேடைப் பொருள் என்று எழுதினால் எல்லாருக்கும் நல்லது. நாடகம் தப்பிக்கும், சாதிக் மகிழ்வார், குஞ்சிதபாதம் கேட்டதும் அதுவே, எனக்கும் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் நல்லதாக ஒரு செய்தி வந்தால் அதை இன்னொரு தடவை விசாரிப்பது என் பழக்கம். பிரதியை மறுபடி படித்துக் காட்டும்படி பிலோமினாவிடம் சொன்னேன். அவள் படிக்கப் படிக்க நான் தாளில் கோடு போட்டேன்.

மதியம் கூட்டத்தில் வாசித்த தீர்ப்பின் நகல்:

"சோமுவுக்கு வசனம் அறுபத்தொன்று. டாக்டர் வேடத்துக்கு நாற்பத்து நான்கு. ஆனால் எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. செய்தி எழுதுவதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விபத்தில் சிக்கிய பஸ்ஸுக்கு எண் போடுவோம்; ஆளுக்குப் பெயர், வயது, ஊர் போடுவோம். சோமுவுக்குப் பெயர் இருக்கிறது. ஊர் இருக்கிறது. வயதை மற்றவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்துகிறான். தன் வயதைத் தானே திருத்தும் பஸ்ஸை நான் பார்த்ததில்லை. தவிர, ஒரு பொய் சொல்கிறான். அதனால் தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே, இன்னொருவரின் மானத்துக்காகச் சொல்கிறான். பொருளுக்குப் பழுது வரும், பொய் வராது. பிரதியைக் கேட்ட ஒருவர் அவனைப் பாவம் என்றார். அதே நபர் அன்று காலை பழுதான மோட்டாரைச் சனியன் என்றார். சோமு பாத்திரமே. ஆகவே பாத்திரங்கள் ஏழு. குழு ஒரு வாரத்துக்குள் ஆறாகக் குறைத்துக்கொண்டால் போட்டியில் தொடரலாம்."

மங்கையர்க்கரசி அம்மாள் கையெழுத்துப் போட்டார். சாதிக் பேனாவைப் பிடித்தபடி, "நான் சொன்னதுதான் ஜெயிச்சிருக்கு. இவ்ளோ கஷ்டமா இருக்கும்னு தெரியாம போச்சே சார்" என்றார். பிறகு அவரும் போட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது பயமாக இருந்தது. ஆளைக் குறைக்கிறேன் என்று சோமுவையே குறைத்துவிட்டால்?

20 பிப்ரவரி, செவ்வாய்

தமயந்தி தொலைபேசியில் பேசினாள். இரண்டாவது டெக்னீஷியனை எடுத்துவிட்டார்களாம். அது அவளே நடிக்க இருந்த வேடம்.

"என்னை எடுத்துட்டுப் படிச்சுப் பார்த்தோம் சார். கதைல ஒண்ணுமே குறையல. கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு. அஞ்சு வசனத்துல மூணை சோமுக்குக் கொடுத்துட்டேன்."

அவர் என்ன சொன்னார் என்று பொதுவாகக் கேட்டேன்.

"யாரு, பாதம் சாரா? தீர்ப்பை ரெண்டு தடவ படிக்கச் சொன்னார். யார் எழுதினதுன்னு கேட்டார். அப்புறம் நடிகர் பட்டியலை வாங்கி, அந்தக் கோட்டுக்குக் கீழ இருந்த தன் பேரை அடிச்சுட்டு, மேல ஆறாவதா அவரே எழுதினார்."

24 பிப்ரவரி, சனி

போட்டி நாள். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. நடுவர் மேசை முதல் வரிசைக்கு முன்னால். நான் அதை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கண் கூசுகிறது என்று காரணம் சொன்னேன்.

செவ்வாய் நாடகம் மூன்றாவது. மேடையின் இடது பக்கம் ஒரு பச்சை விளக்கு, அதுதான் சோமு. குரல் பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. சத்தமே இல்லாத குரல், ஆனால் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு சிறுமி தன் அம்மாவிடம், "இது ரெகார்டிங்காம்மா?" என்று கேட்டாள். அம்மா ஆமாம் என்றாள்.

மூன்றாம் காட்சியில் கேப்டனாக நடித்த சம்பந்தம் நின்றுவிட்டார். தீயணைப்புப் பிரிவில் இருந்தவர், அறுபத்தாறு வயது. டாக்டர் வேடக்காரர் கேள்வி கேட்டாயிற்று; பதில் வரவில்லை. நாடகத்தில் கேப்டன் மறக்கும் காட்சி அது இல்லை. பிரதியைக் கேட்டிருந்த எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியக் கொஞ்ச நேரமே பாக்கி. சம்பந்தத்தின் கை மேசை விளிம்பைத் தேடியது. நான் ஒன்பதாம் விதியை நினைத்தேன். பக்கத்திரைக்குப் பின்னால் இருப்பவனும் அதைத்தான் நினைத்திருப்பான்.

பச்சை விளக்கு எரிந்தது.

"கேப்டன், இந்தக் கேள்விக்கு நீங்கள் வழக்கமாகக் கோபப்படுவீர்கள். இன்றைக்கு ஏழு வினாடி தாமதம்."

பிரதியில் இல்லாத வரி. அரங்கம் சிரித்தது. சம்பந்தம் திரும்பி விளக்கைப் பார்த்தார், மேசையில் ஓங்கி அடித்தார், வசனம் வந்துவிட்டது. பிறகு ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை. விசாரணைக் காட்சியில் சோமு பொய் சொன்னபோது அந்தச் சிறுமியின் அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

முடிந்ததும் ஐந்து பேர் வந்து கைகூப்பினார்கள். சம்பந்தம் எண்ணிப் பார்ப்பது போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போய்க் குஞ்சிதபாதத்தின் முழங்கையைப் பிடித்து இழுத்து வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, கையில் பிரதி. முடி முழுக்க நரைத்துவிட்டது. "அய்யோ, ஆளும்மா!" என்றாள் சிறுமி, எல்லாருக்கும் கேட்கும்படி.

மதிப்பெண் போடும்போது கொதிகலன் குழுவினர் வந்து ஒன்பதாம் விதியைக் காட்டினார்கள். வசனம் எடுத்துக் கொடுத்தது சபைக்கே கேட்டதாம். சாதிக் எழுந்து நின்றார். "அது பிராம்ப்ட் இல்லைங்க. ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துகிட்டப் பேசினது. சோமு பாத்திரம்னு புகார் கொடுத்ததே நீங்கதானே?" இதற்காகவே ஒரு வாரம் காத்திருந்தவர் போல உட்கார்ந்தார்.

செவ்வாய் நாடகத்துக்கு இரண்டாம் பரிசு. சிறந்த நடிகர் சம்பந்தம்.

நான் மேடைப் பக்கம் போகவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பினேன். மணி ஆறே கால்தான் ஆகியிருந்தது.

27 பிப்ரவரி, செவ்வாய்

'மன்ற மடல்' மாத இதழுக்கு நடுவர் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில் நான்கு வரி தனியாகச் சேர்த்தேன். நான்கு வரிக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. பழைய விமர்சனம் வந்தது பத்திரிகையில், இது மன்ற மடல்தான். ஆனால் கேலி நடந்தது இந்த நகரியத்தில். படிக்க வேண்டியவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

"திருத்தம்: 1996 அக்டோபரில் வெளியான நாடக விமர்சனம் ஒன்றில், அரங்கின் கடைசி வரிசை வரை குரல் கேட்டவரின் பெயர் விடுபட்டுவிட்டது. அவர் எஸ். குஞ்சிதபாதம் (71), உர ஆலை நகரியம். அந்தக் குரல் தேவைப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை விசாரிக்காமல் எழுதியவர் இதை எழுதுபவர். வருந்துகிறேன்."

பிலோமினா படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மதியம் எனக்கு மட்டும் முட்டை பொரித்தாள்.

3 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டும் சத்தம். பிலோமினா திறந்தாள். "வாங்கண்ணே" என்றாள், முந்தாநாள் வந்து போனவரைக் கூப்பிடுவது போல.

குஞ்சிதபாதம் உட்காரவில்லை. மன்ற மடலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். எடுத்துப் பிரித்தான்.

"தப்பா எழுதிருக்க."

என்ன தப்பு என்றேன்.

"வயசு. ஆபீஸ் ரெகார்டுல எழுபது. பென்ஷன் புக்குல எழுபது. ஆதார்ல எழுபது. நீ எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்க. நிருபராம் நிருபர்."

"பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது உங்கப்பா ஒரு வருஷம் குறைச்சுப் போட்டார். தொண்ணூத்தி ரெண்டுல, சிங்காரத்தோப்பு பஸ் ஸ்டாப்புல, மழைக்கு ஒதுங்கி நின்னப்ப நீதாண்டா சொன்ன."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"அதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல சவரி. என் பொண்டாட்டிக்கே தெரியாது. இன்னிக்குக் காலைல கேக்கறா, இத்தனை வருஷமா எங்கிட்ட மறைச்சீங்களான்னு. க்ளினிக்ல டோக்கன் வாங்க வந்தவன்லாம் விசாரிக்கறான்."

"திருத்தத்துக்கு ஒரு திருத்தம் போட்டுரவா?"

யோசித்தான். மடலை மறுபடி நான்காக மடித்துப் பையில் வைத்தான்.

"வேணாம், இருக்கட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில், "தங்கச்சி, எனக்குச் சர்க்கரை போடாத" என்றான்.

சொட்டு மருந்து இன்று ஒரு வேளை தவறிவிட்டது.